போடிமெட்டில் ஆக்சிஜன் மீட்டர்: சில குறிப்புகள்

பொட்டிபுரம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். இந்தக் குறிப்பு அதைவிடச் சின்ன விஷயம் பற்றியது: தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். கீழே போடிப் பக்கத்துக் கண்மாய்களிலும், மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளிலும் ஒரே மீட்டரை வைத்து அளக்கும்போது என்னென்ன தப்பாகும் என்று எழுதி வைக்கிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம் என்கிற 'ஏ' வகைத் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்க வேண்டும். குளிக்கிற தண்ணீருக்கு 5, மீன்களுக்கு 4. வேறு அளவுகோல்களும் உண்டு. ஆனால் இந்த ஒரு எண்ணில் 1 மில்லிகிராம் பிசகினாலே ஓடையின் வகை மாறிப்போகும்.

சவ்வு வைத்த ப்ரோபை 1956-இல் லேலண்ட் கிளார்க் வெளியிட்டார். அவர் அளக்க நினைத்தது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை. பிளாட்டினம் அல்லது தங்க நுனி, வெள்ளி மின்வாய், இடையில் பொட்டாசியம் குளோரைடு கரைசல், முகப்பில் மெல்லிய டெஃப்லான் சவ்வு. சவ்வைத் தாண்டி வரும் ஆக்சிஜன் நுனியில் வினைபுரியும். அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. அதாவது, அளக்கும்போதே ப்ரோப் ஆக்சிஜனைத் தின்கிறது. கண்மாய் மாதிரி தேங்கிய தண்ணீரில் சும்மா தொங்கவிட்டால் எண் இறங்கிக்கொண்டே போகும். வினாடிக்கு ஒரு அடி வேகத்தில் ஆட்டிக்கொண்டே இருக்கணும்.

சவ்வு மாற்றும்போது பொறுமை வேண்டும். கரைசலைத் தளும்பத் தளும்ப ஊற்றி, சுருக்கமோ காற்றுக்குமிழோ இல்லாமல் மூட வேண்டும். குண்டூசித் தலையளவு குமிழ் இருந்தாலும் அதற்குள் ஆக்சிஜன் பதுங்கிக்கொள்ளும், எண் நிலைக்காது. சவ்வை விரலால் தொடக்கூடாது. மாற்றியதும் ஓடைக்கு ஓடாமல் ஒரு ராத்திரி விட்டுவிட்டால், இழுத்துக் கட்டிய சவ்வு தன் நிலைக்கு வந்துவிடும். மற்ற நாட்களில் ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் இருந்தால் போதும். அழுகிய முட்டை நாற்றம் வீசுகிற சேற்றில் மட்டும் ப்ரோபைச் செருக வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு சவ்வைத் தாண்டிப் போய் வெள்ளியைக் கறுக்கடித்துவிடும்.

சந்தேகம் வந்தால் 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்து முக்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் பூஜ்ஜியத்துக்கு அருகில் வரணும். வரலேன்னா சவ்வு போச்சு, இல்லேன்னா மின்வாயில் அழுக்கு.

இனி மலை விஷயம். போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் போடிமெட்டு வருவதற்குள் பலூனாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. போடி சுமார் 350 மீட்டர் உயரம், அழுத்தம் 970 ஹெக்டோபாஸ்கல் பக்கம். போடிமெட்டு சுமார் 1400 மீட்டர், அங்கே 860 பக்கம். அழுத்தம் குறையக் குறைய தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனும் குறையும். ஈரக்காற்றில் ப்ரோபை வைத்து "இதுதான் 100 சதவீதம்" என்று சொல்லிக் கொடுக்கும்போது, மீட்டருக்கு அந்த இடத்து அழுத்தமும் தெரிந்தாக வேண்டும்.

பலரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். மீட்டர் அழுத்தம் கேட்கும். நாம் போனைத் திறந்து வானிலை ஆப்பைப் பார்ப்போம். போடிமெட்டிலும் அது 1010 என்று காட்டும். அது பொய் இல்லை. ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாகக் கடல்மட்டத்துக்கு மாற்றிய கணக்கு அது, நாம் நிற்கிற இடத்தின் அழுத்தம் இல்லை. அதையே மீட்டரில் போட்டால் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். உண்மையில் 5.2 இருக்கிற ஓடை 6.1 ஆகிவிடும். குளிக்கிற தண்ணீர் காகிதத்தில் குடிக்கிற தண்ணீர்!

சவ்வு இல்லாமல் ஒளியை வைத்து அளக்கும் புது ப்ரோப்களை ஆட்ட வேண்டியதில்லை, ஆனால் இந்தப் பொறியிலிருந்து அவையும் தப்பாது. மீட்டருக்குள்ளேயே பாரோமீட்டர் இருந்தால் நிம்மதி. என்னுடையதில் இல்லை. பெட்டி மூடியின் உள்பக்கம் 970, 860 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வானிலையால் ஐந்தாறு புள்ளி ஏறி இறங்கினாலும் பிழை 1 சதவீதத்துக்குள்தான் நிற்கும்.