செகண்ட் ஹேண்ட் இ-ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? பேட்டரியோட கணக்கை முதல்ல பாருங்க!



ராயபுரத்துல இருந்து எண்ணூருக்கு தினமும் வேலைக்குப் போறவர் என் நண்பர். போன மாசம் ஒரு பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்த்தார். விலை 45,000 ரூபாய். "18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு மச்சி, தூக்கிடலாமா?"ன்னு கேட்டார். நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

ஏன்னா தேயுறது பேட்டரிக்குள்ள, கண்ணுக்கே தெரியாத அளவுல நடக்குது.

நிறைய லித்தியம் பேட்டரியில பாசிட்டிவ் பக்கம் இருக்கிறது அடுக்கு ஆக்சைடு. மாடி மாடியா கட்டின பார்க்கிங்னு வெச்சுக்கோங்க. உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்தது தளம். நடுவுல நிக்கிற வண்டிகள் லித்தியம். சார்ஜ் ஏத்தும்போது லித்தியம் வெளியே போகும், ஓட்டும்போது திரும்பி வரும். எல்லா வண்டியையும் வெளியே எடுத்தா தளமே ஆட்டம் காணும். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு கணக்குப்படி கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர் மணி தரணும். வழக்கமா எடுக்கிறது அதுல பாதி, சுமார் 140தான்.

இந்தப் பொருளை 1980-ல ஆக்ஸ்போர்டுல கண்டுபிடிச்ச குழுவோட தலைவர் ஜான் குட்இனஃப். 2019-ல அவருக்கு நோபல் கிடைச்சப்போ, அவர் சார்பா நோபல் உரை நிகழ்த்தினவர் யார் தெரியுமா? நம்ம சென்னை ஐஐடியில பி.எச்டி பண்ணின ஆறுமுகம் மந்திரம்!

சரி, தேய்மானம் எப்படி வருது? அதிக சார்ஜும் சூடும் சேர்ந்தா, துகளோட மேல்பரப்புல சில நானோமீட்டர் அளவுக்கு அடுக்கு அமைப்பு மாறிடும். லித்தியம் போற வழி அடைபடும், துகள்ல விரிசல் விழும், மின்தடை ஏறும். ரேஞ்ச் குறையும், மேம்பாலத்துல வண்டி திணறும்.

எல்.எஃப்.பி. பேட்டரி இந்த அடுக்கு வகை இல்ல. சூட்டைத் தாங்கும், ரொம்ப நாள் உழைக்கும். ஆனா அதே ரேஞ்சுக்கு எடை கூடும்.

இப்போ காசு கணக்கு. உதாரணத்துக்கு, புது பேட்டரி 60,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வாங்கின கொஞ்ச நாள்லயே மாத்த வேண்டி வந்தா, 45,000 ரூபாய் வண்டியோட உண்மையான விலை 1,05,000!

அதனால மூணு விஷயம் கேளுங்க:

1. பேட்டரி எந்த வகை?
2. சர்வீஸ் சென்டர்ல எடுத்த பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எங்கே?
3. வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் மாறுமா? எழுத்துல இருக்கா?

ஏற்கனவே வண்டி வெச்சிருக்கீங்களா? வெயில்ல நிறுத்தாதீங்க. ஓட்டி வந்த சூட்டோட சார்ஜ் போடாதீங்க. எவ்வளவு சதவீதம் ஏத்தணும்னு மேனுவல்ல பாருங்க. மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டு வாங்க. 5 வருஷத்துல பேட்டரி காசு ரெடி.

நண்பர் என்ன பண்ணார்னு கேக்குறீங்களா? ரிப்போர்ட் எடுத்தார். 72 சதவீதம்னு வந்துச்சு, வாரண்டியும் முடிஞ்சிருந்துச்சு. நன்றி சொல்லிட்டு வந்துட்டார். அந்த 45,000 இன்னும் அவர் அக்கவுண்ட்லதான் இருக்கு.

புது வண்டியா, பழைய வண்டியான்னு முழு கணக்கையும் நம்ம சேனல் வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க!