விமானம் கிளம்ப 2 கையெழுத்து! பட்டதாரிகள் பலருக்கு தெரியாத வேலை

விமான கம்பெனியில் வேலை என்றால் என்ன? ஒன்று பைலட், இல்லாவிட்டால் பணிப்பெண். இதுதான் எல்லோருக்கும் தெரியும்.

விமானத்தில் ஏறாமலே அதை வழிநடத்தும் ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் "டிஸ்பேட்சர்".

"அது என்ன வேலைப்பா? பார்சல் அனுப்புற வேலையா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இல்லை! அவர் அனுப்புவது பார்சல் அல்ல. நூற்றுக்கணக்கான உயிர்கள்!

கணக்கு வேலை

எந்த வழியில் போவது? எத்தனை அடி உயரத்தில் பறப்பது? எவ்வளவு எரிபொருள் போடுவது? காற்று, மழை, எடை எல்லாம் பார்த்து கணக்கு போட்டுக் கொடுப்பவர் டிஸ்பேட்சர். ஒரே நேரத்தில் பல விமானங்களை கவனிப்பார்.

கட்டுப்பாட்டு கோபுரத்தில் இருப்பவர் வேறு, இவர் வேறு. கோபுரத்தில் இருப்பவர் வானத்து டிராபிக் போலீஸ் மாதிரி. டிஸ்பேட்சர் விமான கம்பெனியின் ஆள்.

போய்ச்சேரும் ஊர் வரைக்கும் எரிபொருள் வேண்டும். அங்கே இறங்க முடியாவிட்டால், வேறு ஊருக்கு போகவும் வேண்டும். அதற்கு மேல், ஜெட் விமானம் 30 நிமிடம் வட்டமடிக்க கையிருப்பும் வேண்டும்.

"நிறைய ஊத்திட்டா போச்சு" என்று நினைக்கலாம். அது நடக்காது. எடை கூடும். அந்த எடையை சுமக்கவே எரிபொருள் செலவாகும். கூட்டினால் கம்பெனிக்கு நஷ்டம். குறைத்தால் உயிருக்கு ஆபத்து!

மீனம்பாக்கத்தில் வெள்ளம்

2023 டிசம்பர் 4-ந்தேதி மிக்ஜாம் புயல் சென்னையை கலக்கியது. மீனம்பாக்கம் ஓடுபாதையில் வெள்ளம். விமான நிலையத்தை மூடி விட்டார்கள். மறுநாள் காலையில்தான் திறந்தார்கள். சென்னைக்கு வந்த விமானங்கள் பெங்களூருக்கு திருப்பி விடப்பட்டன.

இப்படியும் ஒரு நாள் வரும் என்றுதான், இறங்க வேண்டிய மாற்று ஊர் எது என்று கிளம்பும் முன்பே எழுதி வைக்கிறார்கள்.

71 பேர் பலி

கணக்கு தப்பினால்?

2016 நவம்பர் 28-ந்தேதி பொலிவியாவில் இருந்து கொலம்பியாவுக்கு ஒரு தனி விமானம் கிளம்பியது. பிரேசில் நாட்டு கால்பந்து குழு ஒன்று அதில் இருந்தது.

பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம் என்று திட்டத்தாளில் எழுதி இருந்தது. எரிபொருள் தாங்கும் நேரம்? அதுவும் 4 மணி 22 நிமிடம்! கையிருப்பே இல்லை.

மெடலின் நகரத்தை நெருங்கும்போது எரிபொருள் தீர்ந்தது. விமானம் மலையில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் பலி. அந்த தாளை கொடுத்த டிஸ்பேட்சரும் அதே விமானத்தில்தான் போனார். அவரும் இறந்து போனார்.

யார் சேரலாம்?

அமெரிக்காவில் 21 வயதில் பரீட்சை எழுதலாம். சான்றிதழ் 23 வயதில்தான் கிடைக்கும். பயிற்சி 200 மணி நேரம். அங்கே டிஸ்பேட்சரை ஒரே மூச்சில் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும்படி போடக்கூடாது என்பது விதி. விமானம் பத்திரமாக போகும் என்று பைலட்டும் டிஸ்பேட்சரும் நம்பினால்தான் கையெழுத்து போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விமானம் கிளம்பாது!

இந்தியாவில் சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகத்தின் ஒப்புதல் வேண்டும். தனியார் பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. பணம் கட்டும் முன்பு இதை விசாரித்துக் கொள்வது நல்லது.

இரவு, பகல், தீபாவளி, பொங்கல் பார்க்க முடியாது. பயணிகள் யாருக்கும் இவர் முகம் தெரியாது.

கணக்கு வந்தால் மட்டும் போதாது. "சீக்கிரம் அனுப்புய்யா" என்று மேலதிகாரி விரட்டும்போது, "மழை நிக்கட்டும் சார், இப்ப முடியாது" என்று சொல்லும் தைரியமும் வேண்டும். அது இருக்கும் பட்டதாரிகள் தாராளமாக மனு போடலாம்!