கஸ்மாலம், கலீஜு, கண்ணகி நகர்: நாம யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஊர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். ஊர்னா தேவிபட்டினம், ராமநாதபுரம் பக்கம். நடுவுல உஸ்ஸுன்னு சத்தம் கேட்டா அது கடல் காத்து, மைக் கோளாறு இல்ல.

இன்னைக்கு மேட்டர், உழைக்கிற மக்கள் வாழுற ஏரியாக்களை வெச்சு எடுக்கிற காமெடிப் படங்கள். குடி, கெட்ட வார்த்தை, அடிதடி, டபுள் மீனிங் எல்லாம் இருக்கிற, வீட்ல பெரியவங்க சேனல் மாத்தச் சொல்ற வகை. அதைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி நான் ஒரு தப்பை ஒத்துக்கணும்.

நான் போட்ட வேஷம்

சில வருஷம் முன்னாடி ஆபீஸ் ஆண்டு விழா. எங்க டீம் சார்பா ஒரு ஸ்கிட். அதுல நான் ஆட்டோக்காரர். லுங்கி, கழுத்துல கர்ச்சீப், வாயைத் திறந்தா "இன்னா", "கஸ்மாலம்", "பேமானி". ஸ்கிரிப்ட்ல ஜோக்கே கிடையாது. அந்தப் பேச்சுதான் ஜோக். செம கைதட்டல்.

மேடையை விட்டு இறங்கினப்போ, பேப்பர் கப்பு பொறுக்கிட்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க: "நல்லா பண்ண தம்பி. நாங்க அப்படியா பேசறோம்?"

கோபமா கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கிறதுக்குக் கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. அவங்க வீடு எங்க ஆபீஸ்ல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற கண்ணகி நகர்.

இதுல கேவலம் என்னன்னா, அந்தப் பக்கம் நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். காலேஜ் முதல் வருஷம். எங்க பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல அண்ணனைக் 'காக்கா'ன்னு கூப்பிடுவாங்க. ஊர்க்காரப் பையன் ஒருத்தனோட அண்ணன் ஹாஸ்டலுக்கு வந்தப்போ, "காக்கா வந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டேன். அன்னையில இருந்து வருஷம் முழுக்க என் ரூம் வாசல்ல கா கான்னு சத்தம். அப்புறம் ஊர் பேரைச் சொன்னா "ஓ, தண்ணியில்லாக் காடா?" அதிகாரியை மிரட்டணும்னா ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்ஃபர்னு சொல்றது தமிழ் சினிமால எத்தனை தடவை வந்த ஜோக்! நாங்க பொறந்த ஊர் அவங்களுக்குத் தண்டனை. இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் அந்த லுங்கியைக் கட்டினேன்.

அந்த பாஷை உண்மையில என்ன?

மெட்ராஸ் பாஷையைக் 'கெட்டுப்போன தமிழ்'னு சொல்றவங்களுக்காக ஒரு சின்ன லிஸ்ட். பேஜார், பேமானி, நாஷ்டா, கலீஜு நாலும் உருது வழியா வந்தவை. நைனா தெலுங்கு. துட்டு, டச்சுக்காரங்களோட 'டாய்ட்'ங்கிற செப்புக் காசுல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. குந்து நல்ல தமிழ். கஸ்மாலம் சம்ஸ்கிருதம். பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்துல, உனக்கு எங்க இருந்துடா வந்துச்சு இந்தக் 'கச்மலம்'னுதான் கிருஷ்ணர் அர்ஜுனனைக் கேக்கிறார். மனக்கலக்கம், அழுக்குன்னு அர்த்தம்.

இது கெட்டுப்போனதால வந்த கலவை இல்ல. 1639-ல கம்பெனிக்காரன் கோட்டை போட்டதுல இருந்து துறைமுகத்துக்கும் மூட்டை தூக்கவும் ஆள் வந்துட்டே இருந்தாங்க. தமிழ், தெலுங்கு, உருது பேசுற ஆளுங்க ஒரே சந்துல குடியிருந்து, ஒரே குழாயடில சண்டை போட்டா இந்த பாஷை வரும். பல பண்பாட்டு நகரம்னு இப்போ ஸ்டைலா சொல்றோம்ல, அதைக் கூலிக்காரங்க எப்பவோ வாய்ல பண்ணி முடிச்சுட்டாங்க.

திரையில பேசினது யாரு?

1958-ல 'சபாஷ் மீனா'. சந்திரபாபுவுக்கு ரெண்டு வேஷம், அதுல ஒண்ணு ரிக்‌ஷாக்காரர். 1968-ல 'பொம்மலாட்டம்', சோவும் மனோரமாவும். சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். மனோரமா மன்னார்குடில பொறந்து பள்ளத்தூர்ல வளர்ந்தவங்க. சோ மயிலாப்பூர். மூணு பேரும் அபார நடிகர்கள், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் குப்பத்தை வெளியில இருந்து பார்த்துப் பேசினவங்க. ரொம்ப காலத்துக்கு அந்த பாஷை பேசுறவர் ஹீரோவோட பக்கத்துல நிக்கிற ஆளுதான். காதல் சீன் வந்தா ஹீரோ சுத்தத் தமிழுக்கு மாறிடுவார்.

விதிவிலக்கும் உண்டு. 1972-ல வந்த 'காசேதான் கடவுளடா'. டீக்கடைக்காரரான தேங்காய் சீனிவாசன் சாமியார் வேஷத்துல பணக்கார வீட்டுக்குள்ள நுழைவார். நாம சிரிக்கிறது அவர் பேச்சுக்கு மட்டும் இல்ல, அவர் கால்ல விழுற பங்களாக்காரங்களைப் பார்த்தும்தான். அதே பாஷைதான், ஜோக்கோட குறி மட்டும் மாறிடுச்சு.

நிஜமான மாற்றம் 2007-ல. வெங்கட் பிரபுவோட 'சென்னை 600028' பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, பெட் கட்டித் தோப்பாங்க. அவங்களுக்கு விளக்கம் சொல்ல வெளியாள் யாரும் படத்துல தேவைப்படல. 2012-ல பா. ரஞ்சித்தோட முதல் படம் 'அட்டகத்தி'. ஆவடிப் பக்கம் கரலப்பாக்கத்துல இருந்து வந்தவர், சென்னையோட ஓரத்துல இருக்கிற ஊர்ப் பசங்களைப் பத்தி எடுத்தார். பஸ், காதல், தோல்வி, குடிச்சுட்டு வர்ற அப்பா. செம சிரிப்பு. ஆனா அந்த ஊர்ல பொறந்ததுக்காக யாரையும் பார்த்து நாம சிரிக்கல. ஹீரோவா ஆக டிரை பண்ற ஒரு பையனோட பந்தாவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தப் பந்தா எல்லார்கிட்டயும் இருக்கு.

சிட்னில ஒரு பீட்சா கடை

இதே சண்டை வேற ஊர்லயும் நடந்திருக்கு. ஆஸ்திரேலியால எஸ்.பி.எஸ்.னு ஒரு சேனல், பல மொழி மக்களுக்காகவே அரசு ஆரம்பிச்சது. அதுல 2000-ல 'பீட்சா'ன்னு ஒரு தொடர். பால் ஃபெனெக்னு ஒருத்தர் எழுதி, இயக்கி, நடிச்சது. மேற்கு சிட்னில பீட்சா டெலிவரி பண்ற பசங்க: மால்டா, லெபனான், இத்தாலி வம்சாவளி. எல்லாரும் எல்லாரையும் கண்டபடி திட்டுவாங்க. 2003-ல அது 'ஃபேட் பீட்சா'ன்னு படமாவும் வந்துச்சு. அப்புறம் 2011-ல அதே ஆள் 'ஹவுசோஸ்'னு ஒண்ணு பண்ணார், அரசுக் குடியிருப்புல வாழுறவங்களைப் பத்தி. ஒளிபரப்புக்கு முன்னாடியே எதிர்ப்பு. எங்களைச் சோம்பேறி, குடிகாரன்னு காட்டுறாங்கன்னு ஒரு பக்கம். கடைசில எங்களை மாதிரி ஆளுங்களும் டிவில வர்றாங்கன்னு ரசிக்கிற கூட்டம் இன்னொரு பக்கம்.

ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு. நம்ம ஆளு எடுத்தாலும் படம் தானா நல்லதாகிடாது. நம்ம ஊர் உதாரணம், 2013-ல வந்த 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா'. விஜய் சேதுபதியோட சுமார் மூஞ்சி குமாரை நானும் தலைமேல வெச்சுக் கொண்டாடினேன். இப்போ பார்த்தா, வேணாம்னு சொல்ற பொண்ணை விடாம தொந்தரவு பண்றதுதான் அங்க காமெடி. பாஷைக்கு மரியாதை கிடைச்சது, அந்தப் பொண்ணுக்குக் கிடைக்கல.

பீட்சான்னு சொன்னதும் 'காக்கா முட்டை' ஞாபகம் வரணும். 2015-ல தியேட்டருக்கு வந்துச்சு. மணிகண்டன் இயக்கம், குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது. குப்பத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் காசு சேர்த்து, புதுச் சட்டை போட்டுப் பீட்சா கடைக்குப் போவாங்க. வாசல்லயே அறை விழும். படம் பூரா சிரிச்சுட்டு வந்த தியேட்டர் அந்த இடத்துல அமைதியாச்சு. அந்தப் பசங்களோட சேர்ந்து சிரிச்சதாலதான் அந்த அடி நமக்கும் வலிச்சது.

கண்ணகி நகர் வரைக்கும்

நம்ம 'ஹவுசோஸ்' எங்க இருக்கு? ஓ.எம்.ஆர்.லதான். 2000-ல இருந்து, நகரத்துக்குள்ள ஆத்தோரத்துலயும் ரோட்டோரத்துலயும் இருந்த குடும்பங்களைக் காலி பண்ணிக் கண்ணகி நகருக்கு அனுப்பினாங்க. 15,000-க்கு மேல வீடுகள். வேலை, ஸ்கூல் எல்லாம் பழைய இடத்துல, வீடு மட்டும் இங்க. பக்கத்துல வளர்ந்த ஐ.டி. கம்பெனிகளைக் கூட்டுறதும் காவல் காக்கிறதும் இந்த ஏரியாக்காரங்க நிறைய பேர். ஆனா விண்ணப்பத்துல இந்த முகவரியைப் போட்டா வேலை கிடைக்கிறது கஷ்டம்னு இங்க இருக்கிற இளைஞர்கள் ரொம்ப வருஷமா சொல்லிட்டிருக்காங்க.

அந்தப் பயம் எங்க இருந்து வருது? ஹெச்.ஆர்.ல உக்காந்திருக்கிறவர் கண்ணகி நகருக்குப் போயிருக்கவே மாட்டார். அவருக்குத் தெரிஞ்சது படத்துல வர்ற ரவுடியும், என்னை மாதிரி ஆளுங்க போட்ட ஸ்கிட்டும்தான். அதனாலதான் 'காமெடிதானே, விடு மச்சி'ன்னு என்னால விட முடியல.

இதுக்காகக் கொச்சையான காமெடியே வேணாம்னு நான் சொல்லல. இவங்க இப்படித்தான் பேசணும்னு பாலிஷ் போட்டா அதுவும் இன்னொரு பொய். இப்போ படம் பார்க்கும்போது எனக்குள்ள மூணு கேள்வி ஓடுது, டெஸ்ட் கேஸ் மாதிரி. பேச்சை எடுத்துட்டா ஜோக் மிச்சம் இருக்கா? அடி வாங்குறவர் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியுதா? அந்த ஏரியாக்காரங்க பக்கத்து சீட்ல இருந்தா நான் இதே மாதிரி சிரிப்பேனா? என் ஸ்கிட் மூணுலயும் ஃபெயில்.

அந்த அக்காகிட்ட அப்புறம் ஒரு நாள் பேசினேன். மன்னிப்புன்னு பெருசா எடுத்துக்கல, சிரிச்சுட்டாங்க. "அட போ தம்பி, எங்க வூட்டாண்ட வா, நாங்க உன்னை எப்படி ஓட்டறோம் பாரு"ன்னாங்க. போனேன். அவங்க பசங்க என்னோட ராமநாதபுரம் இழுவையை அச்சு அசலா பேசிக் காட்டினாங்க. செமையா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஹாஸ்டல்ல வலிச்ச மாதிரி அன்னைக்கு வலிக்கல. ஏன்னா அங்க நானும் திருப்பி ஓட்டலாம்.

உங்க ஊர்ப் பேச்சை வெச்சு யாராவது ஓட்டியிருக்காங்களா? இல்ல, நீங்க யாரையாவது ஓட்டியிருக்கீங்களா? ரெண்டாவது கேள்விக்கும் பதில் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம். வரட்டா மக்களே!