குளிரூட்டப்படும் சிசுவுக்கு ஏன் இவ்வளவு குறைவான நீர்?

பிறக்கும்போது மூளைக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காத சிசுக்கள் சிலருக்குக் குளிரூட்டும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் உடல் வெப்பநிலையை ஏறத்தாழ 33.5 பாகை செல்சியசுக்குக் குறைத்து, 72 மணித்தியாலம் அப்படியே வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் இது நடந்தபோது உம்மும்மா கேட்டார்: "பாலும் இல்ல, சேலைனும் சொட்டுச் சொட்டா. புள்ளய பட்டினி போடுறாங்களா டீச்சர்?"

நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞானம் படிப்பிப்பவள். ஆனால் இந்தக் கேள்விக்கான விடை நமது பாடப் புத்தகத்திலேயே பாதி இருக்கிறது.

ஒட்சிசன் குறைந்தால் உடல் முதலில் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து, அது பாதிக்கப்படும். அடிபட்ட மூளையோ நீரைத் தேக்கி வைக்கும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கலாம். இந்த நிலையில் தாராளமாக நீர் கொடுத்தால் அது வெளியேறாது. இரத்தத்திலுள்ள சோடியம் ஐதாகி, மூளை வீங்கும், வலிப்பும் வரலாம். அதனால்தான் ஆரம்பத்தில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிலீற்றர் வரைதான் கொடுப்பது வழக்கம். 3 கிலோ பிள்ளைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு! அதற்குள்ளேயே தேவையான குளுக்கோசும் போய்ச்சேர வேண்டும். குதிக்காலில் அடிக்கடி குத்திப் பார்ப்பது இதற்காகத்தான்.

பொற்றாசியம் இன்னும் சிக்கலானது. உடல் குளிரும்போது அது இரத்தத்திலிருந்து கலங்களுக்குள் போய்விடும். அறிக்கையில் குறைவாகத் தெரிகிறதென்று நிறையக் கொடுத்தால், மீண்டும் சூடாக்கும்போது உள்ளே போனதும் திரும்பி வரும். சிறுநீரகம் அதை அகற்றாவிட்டால் இதயத்துடிப்பே குழம்பிவிடும். மணித்தியாலத்துக்கு 0.5 பாகைக்கு மேற்படாமல் மெதுவாகச் சூடாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிரூட்டாத வைத்தியசாலையைக் குறை சொல்லவும் அவசரப்பட வேண்டாம். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் வைத்தியசாலைகளில் 408 சிசுக்களிடம் நடத்தி 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிரூட்டப்பட்டவர்களில் 42 வீதமும் மற்றவர்களில் 31 வீதமும் இறந்தனர். குளிரூட்டினாலும் இல்லாவிட்டாலும் நீர்க் கணக்கு அவசியம்தான்.

ஆகவே தேனோ ஸம்ஸமோ பேரீச்சம்பழமோ, வைத்தியரைக் கேளாமல் அந்தப் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். தேன் எந்தச் சிசுவுக்குமே ஒரு வயது வரை கூடாது. தாதியர் நனைந்த நப்கினைத் தராசில் வைப்பதைக் கண்டு சிரிக்கவும் வேண்டாம். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் சிறுநீர். "இன்று எவ்வளவு போயிருக்கிறது?" என்று அவர்களிடமே கேளுங்கள்.