கல்லின் மேல் காகிதம்

காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடாத குழந்தை நம் நாட்டில் அநேகமாக இராது. சிங்க முகமும் எழுத்துக்களும் வெண்காகிதத்தில் சிறிது சிறிதாக எழும்பி வரும்போது அக்குழந்தை அடையும் ஆனந்தத்தை நேயர்கள் அறிவார்கள். இந்தச் சிறு விளையாட்டுக்குள்ளே ஒரு பெரிய சாஸ்திரமும் ஓர் அழகிய கலையும் அடங்கியிருக்கின்றன. சாஸ்திரம் நம் தேசத்தின் சரித்திரத்தை மீட்டுத் தந்தது. கலையோ ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது. இவ்விரண்டையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

திருத்தணிகைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருப்பது பள்ளிப்பட்டு. கொசஸ்தலையாறு ஓடும் பிரதேசம். சுற்றிலும் பாறை மலைகள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர். 1953-இல் ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது அதைச் சேர்ந்து, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் தமிழகத்தோடு இணைந்த வட்டாரம் இது. இவ்வூரிலிருந்து திருத்தணிகைக்குச் செல்பவர்கள் முருகன் குடிகொண்ட மலையின் படிகளை ஏறித் தரிசித்துத் திரும்பி விடுகிறார்கள். நந்தியாற்றங் கரையில் பல்லவர் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் இருப்பதைக் கவனிப்பவர் சிலரே.

சிறிய கோயில், முழுதும் கல்லால் ஆனது. விமானத்தின் பின்புறம் யானையின் முதுகு போல் வளைந்திருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அபராஜிதவர்ம பல்லவன் ஆட்சியில் நம்பி அப்பி என்பவர் இதைக் கட்டுவித்தார். அவரைப் பாராட்டி அம்மன்னனே ஒரு வெண்பா இயற்றினான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. போரில் வென்ற செய்தியைக் கல்லில் பொறித்த அரசர் பலர். பிறர் செய்த திருப்பணியைத் தாமே வெண்பாவாகப் பாடிய அரசர் எத்தனை பேர்? இந்தச் செய்தி கோயிற் சுவரோடு நின்று விடாமல் உலகறிய வெளிவந்ததற்குக் காரணம், கல்லின் மேல் ஒட்டி எடுத்த காகிதப் படிகளேயாம்.

படி எடுக்கும் முறை

கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது பார்ப்பதற்கு எளிது; கைப்பழக்கம் இல்லாதவர்க்கு அரிது. முதலில் கல்லை மென்மையான தூரிகையாலும் நீராலும் சுத்தம் செய்வார்கள். தடித்த காகிதத்தை நனைத்து அதன் மேல் ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் சீராகத் தட்டுவார்கள். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிப் படிந்துவிடும். ஈரம் சற்று வற்றியதும், பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய உருண்டையில் கரிமையைத் தொட்டுக் காகிதத்தின் மேல் மெல்ல ஒற்றுவார்கள். மேடான இடம் கறுக்கும். பள்ளமான எழுத்து வெள்ளையாகவே நிற்கும். அச்சுப் போல எழுத்து இடம் வலமாக மாறிவிடாதோ என்று சிலர் ஐயுறலாம். மை படுவது கல்லோடு ஒட்டிய பக்கத்தில் அன்று, வெளிப்பக்கத்தில். ஆகையால் எழுத்து நேராகவே வாசிக்கக் கிடைக்கும். கல்லின் மேலும் மை படுவதில்லை.

சீனர்கள் இக்கலையில் மிகப் பழையவர்கள். துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் படி இன்றும் பாரிஸ் நகரில் இருக்கிறது. நம் நாட்டில் 1886-இல் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னையில் சர்க்கார் கல்வெட்டறிஞராக நியமிக்கப் பெற்றார். தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அவருக்கு வலக்கரமாக இருந்து, பின்னர் அப்பதவியையே வகித்த வெங்கையா, ஆரணிக்கருகில் வலையத்தூரில் 1864-இல் பிறந்தவர். பழைய வட ஆற்காட்டு மண் ஈன்ற இம்மேதையை இப்பக்கத்துப் பிள்ளைகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. கல்வெட்டுக் காரியாலயம் உதகமண்டலம் சென்று, 1966-இல் மைசூரை அடைந்தது. படிகளும் உடன் சென்றன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமென்று 2021-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. காகிதச் சுருள்களுக்காக வழக்காடுவதா என்று கேட்பவர்கள், மூலக்கல் அழிந்துவிட்ட இடங்களில் அச்சுருளே மூலம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் வளரும் கலை

இனிக் கலைக்கு வருவோம். 1925-இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்னும் ஓவியர் பழைய மரத்தரையின் மேல் காகிதத்தைப் பரப்பிக் கரிக்கோலால் தேய்த்தார். மரத்தின் ரேகைகள் காடாகவும் கடலாகவும் பறவையாகவும் அவர் கண்ணுக்குத் தோன்றின. அவற்றைக் கொண்டே சித்திரங்கள் செய்தார். நம் நாட்டிலும் கே. ஸி. எஸ். பணிக்கர் 1963 முதல் எழுத்துக்களையும் குறிகளையுமே சித்திரப் பொருளாக்கி வரைந்தார். எழுத்தும் மேற்பரப்பும் ஓவியமாகலாம் என்பதற்கு இவர்கள் சாட்சி.

பள்ளிப்பட்டைப் போன்ற ஊரில் இதற்கு வேண்டிய செல்வம் குவிந்து கிடக்கிறது. செதுக்கு வேலை செய்த பழைய கதவு, கொத்திய அம்மி, கருங்கல் வாசற்படி, ஜன்னலின் இரும்புக் கிராதி, பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பு, கோரைப்பாய், முறம், செய்தவர் பெயர் புடைத்து நிற்கும் மங்களூர் ஓடு - இவை யாவும் காகிதத்தில் பேசக்கூடியவை. மெல்லிய வெள்ளைக் காகிதத்தை அசையாமல் பிடித்துக் கொண்டு, மெழுகு வண்ணக் கட்டியைப் படுக்கையாக வைத்து, ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவசரம் உதவாது. பிறகு அதன் மேல் நீர்வண்ணத்தைத் தடவினால் மெழுகுள்ள இடத்தில் நீர் ஒட்டாது. மற்ற இடமெல்லாம் வண்ணம் பரவும். இவ்வாறு எடுத்த பல படிகளை வெட்டித் தடித்த அட்டையில் ஒட்டி ஒரு சித்திரம் அமைக்கலாம். அம்மியின் புள்ளிகளால் மலைப்பாறை. கோரைப்பாயின் கோடுகளால் ஆற்று நீர். கதவின் பூக்களால் சோலை. ஓட்டின் வரிகளால் கூரை. நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே நம் ஊரைத் தீட்டிவிடலாம். விலையுயர்ந்த அந்நியச் சாமான் எதுவும் வேண்டியதில்லை. ஒட்டுவதற்குக் கோதுமைப் பசையே போதும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சாகையால் அவ்வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

இதில் நாம் வற்புறுத்தும் நியதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு படிகள் எடுக்க வேண்டும். முதற்படியில் ஒரு கோடும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எந்த ஊர், எந்த வீடு, எந்த நாள் என்று ஓரத்தில் குறித்துப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாவது படி கற்பனைக்கு உரியது. அதை வெட்டலாம், ஒட்டலாம், வண்ணம் பூசலாம். முதலாவது சரித்திரத்துக்குச் செலுத்தும் கடன். இரண்டாவது மனத்துக்குக் கொடுக்கும் உரிமை. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது பொய்யாகும்.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டடங்களில் உரிய அதிகாரிகளின் அனுமதியின்றிப் படி எடுக்கலாகாது. எழுத்து நன்றாகத் தெரிய வேண்டுமென்று எண்ணெய் தடவுவதும், சாக்கட்டியால் நிரப்புவதும் கல்லுக்குத் தீங்கு. சுதைச் சிற்பத்தையும் வண்ணம் தீட்டிய சுவரையும் தொடவே கூடாது. பழகுகிறவர்கள் வீட்டுப் பொருள்களோடு நிற்பதே நலம். கலையின் பெயரால் கல்லைக் கெடுப்பவன் கலைஞனாகான்.

இவ்வளவு வற்புறுத்துவானேன் என்று கேட்கலாம். சுவர்கள் மறைந்து கொண்டிருக்கின்றன. திருப்பணி என்ற நல்லெண்ணத்தோடு சுண்ணாம்பு பூசியதில் எழுத்து மூழ்கிய கோயில்கள் உண்டு. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்தே தேய்ந்து போன கற்களும் உண்டு. ஊர்களில் பழைய வீடுகள் இடிபடுகின்றன, கதவுகள் விலை போகின்றன, ஓடுகள் உடைகின்றன. புதிய வீடு கட்டாதீர்கள் என்று எவரிடமும் சொல்ல நமக்கு உரிமையில்லை. இடிப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்ல உரிமையுண்டு.

இதற்கு நம் முன்னோரே வழிகாட்டியிருக்கிறார்கள். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பிக்க எண்ணிய முதலாம் ராஜராஜன், பழைய சுவரைப் பிரிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுக்களை ஏட்டில் எழுதி வைக்கும்படி கட்டளையிட்டான். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப் பெற்றன. புதுமையை விரும்பியவனே பழமையையும் காத்தான்.

சக்கரவர்த்தி செய்ததைச் சாமானியர் நாமும் செய்ய இயலும். ஒரு தாள் காகிதம், ஒரு மெழுகுக் கட்டி, ஒரு பிற்பகல் இருந்தால் போதும். பாட்டனார் வைத்த கதவின் பூவைப் பேத்தி தன் கையால் காகிதத்தில் எழுப்பிப் பார்க்கட்டும். தமிழ் எழுத்தாயினும் தெலுங்கு எழுத்தாயினும் காகிதம் பேதம் பாராமல் ஏற்றுக் கொள்ளும். அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு நிலைப்படியிலிருந்தே தொடங்குங்கள்.