கட்டிலில் ஒட்டும் சீட்டு கிருமியைத் தடுக்காது

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் வார்டில் சேர்ந்ததும் இரட்டைக் கையுறை வருகிறது, ஒதுக்குப்புறமாக ஒரு கட்டில் வருகிறது, கேஸ் ஷீட்டில் சிவப்பு மை ஏறுகிறது. அவரிடமிருந்து மற்றவர்களுக்கு என்ன ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான் காரணம். தொட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ அந்தக் கிருமி பரவாது. ரத்தத்தையும் ஊசியையும் முறையாகக் கையாண்டாலே தடுத்துவிடலாம். ஆனால் அதே வார்டின் காற்றிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கைகளிலிருந்தும் அவருக்கு என்ன வரும் என்று கேட்பவர்கள் குறைவு. பெரிய ஆபத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

துகேலா ஃபெர்ரியில் நடந்தது

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் துகேலா ஃபெர்ரி என்றொரு சிற்றூர். 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை அங்கே நடந்த சளிப் பரிசோதனைகளில், முக்கிய மருந்துகள் எதற்கும் மசியாத காசநோய் 53 பேருக்கு இருப்பது தெரிந்தது. 52 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சில வாரங்களுக்குள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட 44 பேரும் பாசிட்டிவ்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தி நோயை முற்றவைத்தார்கள் என்று அவர்கள்மேல் பழி போடவும் வழியில்லை. பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை காசநோய்க்கு மருந்தே சாப்பிடாதவர்கள். விசாரித்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவமனையில் தங்கியிருந்தது தெரிந்தது. பெரும்பாலோரிடம் கிருமியும் ஒரே வகை. வேறு நோய்க்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் பலர் இதை வாங்கி வந்திருக்கிறார்கள். சுகாதாரப் பணியாளர்களும் இதில் பலியானார்கள். ஒரு வார்டின் அலட்சியம் நோயாளியோடு நிற்பதில்லை.

தொற்று வரும் வழிகள்

சேரும்போது உடலில் இல்லாமல், பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பின் தலைகாட்டுவதை மருத்துவமனைத் தொற்று என்கிறார்கள். டிரிப் ஏற்றும் ஊசி, சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் குழாய், அறுவைப் புண் ஆகியவையே வழக்கமான வாசல்கள். ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவப்படாமல் அடுத்தவரைத் தொடும்போது கிருமி இடம் மாறுகிறது. காசநோய் மட்டும் இந்த 48 மணிக் கணக்குக்குள் அடங்காது. வார்டில் சுவாசித்த கிருமி பல மாதம் கழித்துக்கூட நோயாக வெளிப்படலாம்.

நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கியவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சிடி4 தேறி, வைரஸ் அளவு அடங்கியிருப்பவர்களுக்கு அது வெகுவாகக் குறைகிறது. அதனால் மருத்துவமனைக்குப் போகவே அஞ்ச வேண்டியதில்லை. போகும்போது எதைக் கவனிப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது ஜன்னல். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. ஜன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள தனி அறைகளுக்கான கணக்கு 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட மேலாக இருந்தன. ஏ.சி. போட்டு அடைத்த பொது வார்டைவிட, காற்றோடும் பழைய வார்டு எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பாதுகாப்பானதாக இருக்கலாம்.

இரண்டாவது, யாரை எங்கே படுக்கவைக்கிறார்கள் என்பது. பிரித்து வைக்க வேண்டியது இருமுகிறவரைத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களை எல்லாம் ஒரே மூலையில் சேர்த்தால், அவர்களில் ஒருவருக்குக் காசநோய் இருந்தாலும் மற்ற எல்லோருக்கும் ஆபத்து.

சட்டம் தரும் உரிமை

இந்தியாவில் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதையும் ஒதுக்கிவைப்பதையும் அது தடுக்கிறது. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். உங்கள் நிலை ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். சிகிச்சைக்குத் தேவைப்பட்டால், அதை உங்கள் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் இன்னொரு சுகாதாரப் பணியாளருக்குச் சொல்லலாம். ஆகவே, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் படிக்கும்படி கட்டிலில் சீட்டு ஒட்டுவது ரகசியத்தை உடைக்கும் செயல். அதனால் ஒரு கிருமியும் தடுக்கப்படுவதில்லை. எந்த நோயாளியைத் தொட்டாலும் ஒரே முன்னெச்சரிக்கை என்பதே தொற்றுத் தடுப்பின் அடிப்படை.

என்ன செய்யலாம்?

* உங்கள் நிலையைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. ரிஃபாம்பிசின் போன்ற காசநோய் மருந்துகள் சில ஏ.ஆர்.டி. மருந்துகளோடு மோதும்.
* மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விட வேண்டாம்.
* காசநோய்த் தடுப்பு மருந்து உங்களுக்கு உண்டா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் முன்பே கேளுங்கள். அரசு மையங்களில் அது இலவசம்.
* தொடும் முன் கை கழுவச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். "இந்தக் குழாய் இன்னும் தேவையா, சிஸ்டர்?" என்று தினமும் கேளுங்கள்.
* பக்கத்துக் கட்டிலில் விடாத இருமல் என்றால் இடம் மாற்றக் கேளுங்கள். உங்களுக்கே இருமல் என்றால் முகக்கவசம் போட்டு, சளிப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள்.
* வீடு திரும்பியபின் காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

குறை நேர்ந்தால்

மருத்துவமனையில் தொற்று வந்துவிட்டது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு ஆவணம் தேவை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. குழாய் போட்ட தேதி, காய்ச்சல் தொடங்கிய தேதி, எந்த வார்டில் எத்தனை நாள் என்பதைக் குறித்து வையுங்கள். பணம் வாங்கிய மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

பாகுபாடு, ரகசிய மீறல் என்றால் வழி வேறு. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு மேல் மாநிலக் குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளில் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. யாரிடம் தொடங்குவது என்று புரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். சிகிச்சை மறுக்கப்படும் நேரத்தில், வாக்குவாதத்தைவிட எழுத்தில் கொடுத்த புகாருக்கே பலம் அதிகம்.