பசறைக்கான பதில் ஏன் அப்புத்தளைக்குப் போகிறது?

பசறையிலும் அப்புத்தளையிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஒரு கம்பனியை எடுத்துக்கொள்வோம். இரண்டு அலுவலகங்களும் கொழுந்துக் கணக்கை விபிஎன் வழியே கிளவுடுக்கு அனுப்புகின்றன. அப்புத்தளைக் கணக்கு பதிவாகிறது. பசறைக்குப் பதிலே வருவதில்லை. இணையமோ இரண்டு இடத்திலும் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன்?

192.168 என்று தொடங்கும் முகவரிகளை எவரும் தம் உள்வலையில் அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம் என்பது 1990களிலிருந்தே உள்ள ஏற்பாடு. கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பலவும் 192.168.1.0/24 என்ற ஒரே சப்நெட்டோடு (முகவரித் தொகுதியோடு) வருகின்றன. இரு தோட்டத்திலும் அதை மாற்றாமல் விட்டால், பசறையின் கோரிக்கை கிளவுடைச் சேர்ந்துவிடும். ஆனால் கிளவுடின் ரவுட்டிங் அட்டவணையில் அந்த சப்நெட்டுக்கு நேரே அப்புத்தளை இருந்தால் பதில் அங்கே போய்த் தொலையும். போகும் வழியை மட்டும் சோதிப்பவர்கள் நாள்கணக்கில் அலைவது இதனால்தான்.

எப்படிப் பிடிப்பது? கிளவுடிலுள்ள கணினியிலிருந்து பசறை முகவரிக்கு டிரேஸ்ரூட் ஓட்டுங்கள். ரவுட்டிங் அட்டவணையையும் வரிவரியாகப் படியுங்கள்: உதாரணமாக, ஒரு முகவரிக்கு 10.20.0.0/16, 10.20.5.0/24 இரண்டும் பொருந்தினால், குறுகிய வரம்பான /24 வரியே வெல்லும். ஃபயர்வால் விதிகளை அதன்பின் பார்க்கலாம்.

பசறைக்கு 10.20.1.0/24, அப்புத்தளைக்கு 10.20.2.0/24 என்று தனித்தனியே பிரித்துக் கொடுப்பதே சரியான தீர்வு. பிரின்டர் வரை முகவரி மாற்ற வேண்டிய சலிப்பான வேலைதான். ஆனாலும் வழியில் முகவரியை வேறொன்றாக மாற்றிக் காட்டி ஒட்டுப்போடுவதைவிட இதையே சொல்வேன்.